பி.ஏ.தானா என்று இளக்காரம் வேண்டாம்!

பையன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டான். "அடுத்து என்ன?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். "பி.ஏ. சேர்க்கலாம் என்று இருக்கிறோம்" என்கிறார் தகப்பனார். உடனே அடுத்த கேள்வி வருகிறது: "ஏன் சார், வேறு எதுவும் கிடைக்கவில்லையா?"

டெல்லியில் ராமகிருஷ்ணாபுரம், கரோல்பாக், ஜனக்புரி, திரிலோக்புரி என்று தமிழர்கள் வாழும் இடங்களில் ஆண்டுதோறும் கோடை மாதங்களில் கேட்கும் பேச்சு இது. கலைப் படிப்பு என்றால் வேறு வழி இல்லாதவர்கள் படிப்பது என்ற எண்ணம் பலர் மனதில் ஊறிவிட்டது. அதனால் சேமிப்பை எல்லாம் கரைத்து, போதாததற்குக் கடனும் வாங்கி, பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்பில் சேர்த்துவிட்டுப் பிறகு வருந்துகிற குடும்பங்கள் உண்டு.

இதற்கு நேர்மாறான காட்சியையும் டெல்லியில் பார்க்கலாம். பீகாரிலிருந்தும், மணிப்பூரிலிருந்தும், கேரளத்திலிருந்தும் மாணவர்கள் மூட்டை முடிச்சுடன் ரயிலேறி வருகிறார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் வரலாறோ, அரசியலோ, இலக்கியமோ படிக்க ஓர் இடம் கிடைக்காதா என்று தவிக்கிறார்கள். அவர்கள் ஆயிரம் மைல் தாண்டி வந்து தேடும் இடம், இங்குள்ள தமிழர்களுக்குப் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போகிற தூரத்தில் இருக்கிறது!

அந்தப் பல்கலைக்கழகத்தில் கலைப் படிப்புகள் எப்படி நடக்கின்றன? யார் யாருக்கு எந்த வாசல்? வேலை பார்க்கிறவர்களுக்கு வழி உண்டா? படித்தால் பயன் என்ன? விவரங்களைத் தெரிந்துகொண்டு முடிவு செய்தால் ஏமாற்றம் இருக்காது.

மூன்று கல்லூரிகளுடன்

டெல்லி பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அப்போது அதில் இருந்தவை மூன்றே கல்லூரிகள்: செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து கல்லூரி, ராம்ஜஸ். இன்று சுமார் தொண்ணூறு கல்லூரிகள் அதில் இணைந்திருக்கின்றன. பட்டப் படிப்பில் ஆண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் இடங்கள் உள்ளன.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் டெல்லித் தமிழர்களின் கல்விக் கதையும் தொடங்குகிறது. மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்க்க வந்த தென்னிந்தியக் குடும்பங்களின் குழந்தைகளுக்காக 1923-இல் ஏற்பட்டதுதான் மதராசி கல்விச் சங்கம். அதுவே பின்னர் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. இன்று அதன் பள்ளிகள் ஏழு. அங்கே தமிழ் படித்துத் தேறும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

தவுலாகுவான் பக்கத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி, தெற்கு டெல்லியில் வாழும் தென்னிந்தியர்களுக்கு நன்கு தெரிந்த இடம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் கல்லூரி அது. குருதிப்புனல் நாவலுக்காக 1977-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற இந்திரா பார்த்தசாரதி, இந்தப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர்.

என்னென்ன பாடங்கள்?

வரலாறு, அரசியல், பொருளாதாரம், தத்துவம், உளவியல், சமூகவியல், புவியியல், ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதம், உருது, இசை, பத்திரிகைத் துறை என்று பட்டியல் நீண்டது. எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாப் பாடங்களும் இருக்கமாட்டா. எந்தக் கல்லூரியில் எது என்று பார்த்துத்தான் விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும்.

"இதையெல்லாம் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பஞ்சப்படி உயர்வு எப்போது அறிவிப்பார்கள் என்று அரசு ஊழியர் குடும்பம் காத்திருக்கிறது. அந்த உயர்வு தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் குறியீட்டெண் என்ன, விலைவாசி ஏன் ஏறுகிறது என்பது பொருளாதாரப் பாடம். டெல்லியில் போலீஸ் யார் கையில், குப்பை அள்ளுவது யார் பொறுப்பு, பள்ளிக்கூடம் யார் பொறுப்பு என்று புரியாமல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைகிறார்களே, அதற்கு விடை சொல்வது அரசியல் பாடம். ஒரு செய்தியைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அதற்குச் சான்று என்ன என்று கேட்கப் பழக்குவது வரலாறு. இரண்டு வாக்கியங்களைப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்று உண்மையில் பிறக்கிறதா என்று சோதிக்கக் கற்றுத் தருவது தத்துவத்தில் உள்ள தர்க்கம்.

ஒரு கோப்பைப் படித்து, விஷயத்தைச் சுருக்கி, மேலதிகாரிக்குத் தெளிவாக நாலு வரி எழுதிவைக்கிற ஆற்றலுக்கு அலுவலகத்தில் எவ்வளவு மதிப்பு என்பதைக் குமாஸ்தாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலைப் படிப்பு மூன்றாண்டும் பழக்குவது அதைத்தான்: நிறையப் படிப்பது, புரிந்துகொள்வது, சொந்த வாக்கியத்தில் எழுதுவது.

தமிழர்களுக்கு நெருக்கமான விஷயங்களும் இந்தப் பாடங்களில் உண்டு. 2015-இல் வந்த பாடத்திட்டத்தில், ஆங்கில ஆனர்ஸ் மாணவர்கள் காளிதாசனோடு சேர்த்து இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் வஞ்சிக் காண்டத்தையும் மொழிபெயர்ப்பில் படித்தார்கள். தமிழே அறியாத பஞ்சாபி மாணவனும் வங்காளி மாணவியும் கண்ணகியைப் பற்றித் தேர்வு எழுதினார்கள்!

எதைப் படிப்பது, எதை விடுவது என்பதில் சர்ச்சைகளும் எழுந்தது உண்டு. வால்மீகியின் ராமாயணத்தையும் கம்பனின் ராமாயணத்தையும் பிற ராமாயணங்களையும் ஒப்பிட்டு ஏ. கே. ராமானுஜன் எழுதிய ஒரு கட்டுரை, 2011-இல் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2021-இல் தமிழ் எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளும், வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் ஒரு கதையும் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டன. இரண்டு முறையும் ஆசிரியர்களிடையே பலத்த எதிர்ப்பு எழுந்தது. நாடு முழுவதும் பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. ஒன்றுக்கும் உதவாத படிப்பு என்றால், அதில் ஒரு கதையைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் இவ்வளவு வாதம் ஏன் வருகிறது?

ஆனர்ஸா, புரோகிராமா?

விண்ணப்பம் போடும்போது பெற்றோர்கள் குழம்பும் முதல் இடம் இதுதான். பி.ஏ.யில் இரண்டு வகை உண்டு.

ஒரே பாடத்தை ஆழமாகப் படிப்பது பி.ஏ. ஆனர்ஸ். வரலாறு ஆனர்ஸ் என்றால் பெரும்பகுதி வரலாறுதான். இரண்டு பாடங்களை இணைத்துப் படிப்பது பி.ஏ. புரோகிராம். வரலாறும் அரசியலும், அல்லது பொருளாதாரமும் அரசியலும் என்று ஜோடி சேரும். முன்பு "பாஸ் கோர்ஸ்" என்று சொல்லப்பட்டது இதுதான். அந்தப் பெயரில் இருந்த மட்டமான ஒலி இன்னும் சிலர் காதில் ஒலிக்கிறது.

மேற்கொண்டு எம்.ஏ., ஆராய்ச்சி என்று ஒரே துறையில் போக விரும்புபவர்களுக்கு ஆனர்ஸ் ஏற்றது. அரசுப் போட்டித் தேர்வு எழுதுவது, சட்டம் படிப்பது, ஆசிரியர் பயிற்சிக்குப் போவது என்று இருப்பவர்களுக்கு இரண்டு பாடம் படித்த புரோகிராம் பட்டம் எந்த விதத்திலும் குறைவில்லை. பெயரின் கவர்ச்சிக்காகப் பிடிக்காத பாடத்தில் ஆனர்ஸ் சேர்ந்து திண்டாடுவதைவிட, பிடித்த இரண்டு பாடங்களில் நல்ல மதிப்பெண் எடுப்பது மேல்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் வசதியும் ஒரு காரணம்தான். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவம் படிக்கத் திட்டமிட்டுச் சேர்ந்தவர் இல்லை. படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்த பாடம் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுசென்றது. பிற்காலத்தில் துணை ஜனாதிபதியாக இருந்தபோது இதே டெல்லி பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் அவர் இருந்தார்.

மூன்றாண்டா, நான்காண்டா?

2022-ஆம் ஆண்டிலிருந்து டெல்லி பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு நான்காண்டு முறைக்கு மாறியிருக்கிறது. 2013-இல் ஒரு முறை இப்படிச் செய்து, அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். இப்போது புதிய கல்விக் கொள்கையின் கீழ் மீண்டும் வந்திருக்கிறது.

"நான்கு வருஷமா! அவ்வளவு நாள் யார் சோறு போடுவது?" என்று பயப்பட வேண்டாம். மூன்றாண்டு முடித்துப் பட்டம் பெற்று வெளியே வந்துவிடலாம். நான்காம் ஆண்டு விரும்புபவர்களுக்கு மட்டும். அதில் ஆய்வேடு எழுதுவது போன்ற வேலைகள் இருக்கும். நான்காண்டு முடித்தவர்கள் எம்.ஏ.யை ஓராண்டில் முடிக்க வழி வைத்திருக்கிறார்கள். மூன்றாண்டு முடித்தவர்களுக்கு எம்.ஏ. இரண்டாண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எம்.ஏ. வரை போகிறவர்களுக்கு மொத்தக் காலம் ஒன்றுதான்.

படிப்பைக் "கிரெடிட்" என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். ஒரு பருவத்துக்கு 22, ஓராண்டுக்கு 44, மூன்றாண்டுக்கு 132, நான்காண்டுக்கு 176. ஆனர்ஸில் ஒரு பருவத்தின் 22-இல் 12 முக்கியப் பாடத்துக்குப் போய்விடும். மீதி பிற துறைப் பாடம், மொழி, கைத்திறன், நெறிமுறை என்று பங்கிடப்படும். மொழிக்கான இடத்தில் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றைப் படிக்கலாம். தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் தமிழ் ஆசிரியர் எல்லாக் கல்லூரியிலும் இல்லை. சேரும் முன்பே விசாரிக்க வேண்டும்.

இந்த முறையில் ஏழைக் குடும்பங்களுக்கு முக்கியமான ஒரு வசதி இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டாம் ஆண்டில் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று படிப்பை நிறுத்தினால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. இப்போது ஓராண்டு முடித்தவருக்குச் சான்றிதழும், இரண்டாண்டு முடித்தவருக்கு டிப்ளமாவும் உண்டு. மூன்றாண்டுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் பட்டத்தை முடிக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதி.

நுழைவுத் தேர்வு

பகல் கல்லூரிகளில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் இப்போது போதாது. "கியூட்" என்ற பொது நுழைவுத் தேர்வை 2022 முதல் எழுத வேண்டியிருக்கிறது. பள்ளித் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் இடம் என்று இருந்த நிலை இதனால் மாறியது.

இந்தத் தேர்வைப் பதின்மூன்று மொழிகளில் எழுதலாம். அவற்றில் தமிழும் ஒன்று. மொழிப் பாடமாகவும் தமிழை எடுக்கலாம். பெரும்பாலான பி.ஏ. ஆனர்ஸ் படிப்புகளுக்கு ஒரு மொழியும், மூன்று பாடங்களும் எழுதினால் போதும். ஆங்கில ஆனர்ஸுக்கு மொழியாக ஆங்கிலத்தை எழுதியிருக்க வேண்டும். பொருளாதார ஆனர்ஸுக்குக் கணிதம் கட்டாயம்.

ஒன்றைப் பதினோராம் வகுப்பிலேயே கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடங்களைப் படித்தார்களோ, நுழைவுத் தேர்விலும் அந்தப் பாடங்களைத்தான் எழுத வேண்டும் என்பது டெல்லி பல்கலைக்கழகத்தின் நிபந்தனை. கணிதத்தைக் கைவிட்ட மாணவன் பிறகு பொருளாதார ஆனர்ஸ் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று: கியூட் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். தேர்வு வேறு, சேர்க்கை வேறு. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பதிவைத் தனியாகச் செய்து, கல்லூரியும் பாடமும் வரிசைப்படி கொடுக்க வேண்டும். அதைச் செய்யாதவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் இடம் இல்லை.

பட்டப் படிப்பில் சேர வயது வரம்பு இல்லை. பள்ளி முடித்துப் பத்தாண்டு ஆனவரும் விண்ணப்பிக்கலாம்.

சான்றிதழில் சறுக்கல்

இடஒதுக்கீடு கேட்கும் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

இது மத்திய பல்கலைக்கழகம். தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7½ சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் என்பது இங்குள்ள கணக்கு. தமிழ்நாட்டில் உள்ள 69 சதவீதக் கணக்கு இங்கே செல்லாது.

தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினால் இங்கே ஏற்கமாட்டார்கள். அந்தச் சாதியின் பெயர் மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்க வேண்டும். சான்றிதழ் மத்திய அரசு படிவத்தில் இருக்க வேண்டும். "கிரீமி லேயர்" எனப்படும் வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற உறுதியும் அதில் வேண்டும். அதுவும் அண்மையில் பெற்றதாக இருக்க வேண்டும்.

சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்திலிருந்து அதைப் பெறுவதற்கு நாள் ஆகும். சேர்க்கைக்குக் கொடுப்பதோ சில நாட்கள்தான். "ஊருக்கு எழுதியிருக்கிறோம், வந்துவிடும்" என்று சொன்னால் யாரும் காத்திருக்கமாட்டார்கள். கையில் வந்த இடம் ஒரு காகிதத்தால் நழுவிப்போவதைப் போன்ற வேதனை வேறில்லை. தேர்வு எழுதும் முன்பே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் சாதிச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். தகப்பனார் பெயரை முன்னால் போடும் தமிழர் வழக்கம் வடக்கே பல குழப்பங்களுக்குக் காரணமாகிறது.

வேலை பார்ப்பவர்களுக்கு

பகலில் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்காக டெல்லியில் 1958-இல் மாலைக் கல்லூரிகள் தொடங்கின. அலுவலகம் விட்டு வந்து படித்துப் பட்டம் வாங்கிய குமாஸ்தாக்கள் அந்த நாளில் ஏராளம். தேஷ்பந்து கல்லூரியின் மாலைப் பிரிவாகத் தொடங்கியதுதான் இன்றைய ராமானுஜன் கல்லூரி.

அந்தப் பெயர் பொருத்தமான பெயர். கணித மேதை சீனிவாச ராமானுஜன் மற்றப் பாடங்களில் கவனம் செலுத்தாமல் கல்லூரித் தேர்வில் தோற்றவர். பின்பு சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர்!

ஜாகிர் உசேன், பி.ஜி.டி.ஏ.வி., சத்யவதி, சியாம்லால், ஸ்ரீ அரவிந்தர், மோதிலால் நேரு கல்லூரிகளில் இன்றும் மாலைப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. பல வகுப்புகள் பிற்பகலிலேயே தொடங்கிவிடும். காலை ஷிப்டு முடித்து வருபவருக்கு இது ஒத்துவரும். ஆறு மணி வரை மேஜையில் இருக்க வேண்டியவருக்கு ஒத்துவராது. நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு இருப்பது தபால் வழிக் கல்வி. இதில் டெல்லி பல்கலைக்கழகத்துக்கே முதலிடம். டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழு யோசனை சொன்னதன் பேரில், 1962-இல் நாட்டிலேயே முதன்முறையாக இங்கேதான் தபால் வழிப் பட்டப் படிப்பு தொடங்கியது. இப்போது அதன் பெயர் திறந்தநிலைக் கல்விப் பள்ளி. வடக்கு வளாகத்தில் இருக்கிறது.

இங்கே பி.ஏ. புரோகிராம், ஆங்கில ஆனர்ஸ், அரசியல் ஆனர்ஸ் முதலிய படிப்புகள் உள்ளன. இங்கே சேரக் கியூட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படை. பாடப் புத்தகம் கொடுக்கிறார்கள். விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புகள் நடக்கின்றன. பாடத்திட்டம் பகல் கல்லூரியில் உள்ளதுதான். பட்டமும் டெல்லி பல்கலைக்கழகப் பட்டம்தான். அங்கீகாரம் பெற்ற தபால் வழிப் பட்டம் நேரடியாகப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. "தபாலில் படித்தவனா" என்று யாராவது ஒதுக்கினால் இந்த விதியைக் காட்டலாம்.

சேருவது சுலபம், முடிப்பதுதான் கடினம். தினமும் மணி அடித்து வகுப்புக்குக் கூப்பிட ஆள் இல்லை. புத்தகக் கட்டு வந்த அன்று பிரித்துப் பார்த்துவிட்டு, தேர்வுக்கு முந்தின வாரம் தேடுகிறவர்கள் தேறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தேர்வு வந்துவிடுகிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற நேரம் உட்பட நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் மட்டும் சேரலாம்.

மொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே பாடமும் தேர்வும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். தமிழ்நாட்டில் தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்காக டெல்லி வந்த இளைஞர்களுக்கு முதல் ஆண்டு கரடுமுரடாகத்தான் இருக்கும். முதல் பருவத்திலேயே மனம் தளர்ந்துவிடக்கூடாது.

பெண்களுக்கு ஒரு வழி

பன்னிரண்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்கள் தமிழ்க் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். தாயார் வேலைக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று நிறுத்துகிறார்கள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபின் படிப்பு நின்றுபோனவர்களும் உண்டு.

இவர்களுக்காகவே டெல்லி பல்கலைக்கழகத்தில் கல்லூரி சாராப் பெண்கள் கல்வி வாரியம் என்று ஒன்று 1940-களிலிருந்து இயங்குகிறது. சனி அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. நகரின் பல பகுதிகளில் உள்ள கல்லூரிகளில் மையங்கள் இருக்கின்றன. பி.ஏ. புரோகிராம், பி.காம். ஆகிய இரண்டும் படிக்கலாம். டெல்லி எல்லைக்குள் வசிக்கும் பெண்கள் மட்டுமே சேர முடியும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். கட்டணமும் பகல் கல்லூரியோடு ஒப்பிட்டால் குறைவு. நொய்டாவிலோ குர்காவுனிலோ வசிப்பவர்களுக்கு இது கிடையாது.

வாரத்தில் ஒரு நாள் வீட்டைக் கவனித்துக்கொள்ள மற்றவர்கள் முன்வந்தால், மூன்றாண்டில் வீட்டில் ஒரு பட்டதாரி இருப்பார்.

ஊர் மாற்றல் வந்தால்?

மத்திய அரசு வேலையிலும் வங்கியிலும் இருப்பவர்களுக்கு எப்போதும் இருக்கும் கவலை இது. டெல்லி பல்கலைக்கழகத்தின் தபால் வழிப் படிப்புக்குத் தேர்வு டெல்லியில்தான். நாளை கௌஹாத்திக்கோ நாகபுரிக்கோ மாற்றல் வரலாம் என்று இருப்பவர்களுக்கு, 1985-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வசதியானது. மைதான்கரியில் தலைமையகம் இருந்தாலும் நாடு முழுவதும் அதற்கு மண்டல மையங்கள் உண்டு. ஜனவரியிலும் ஜூலையிலும் சேரலாம். மூன்றாண்டுப் பி.ஏ.யை ஆறாண்டு வரை நிதானமாக முடிக்கலாம்.

வேலை கிடைக்குமா?

கடைசியில் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ஒளிவுமறைவின்றிச் சொன்னால், பி.ஏ. பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் யாரும் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஆனால் அது பல கதவுகளுக்குச் சாவி.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வு ஆணையம் நடத்தும் பட்டதாரித் தேர்வு, வங்கி அதிகாரித் தேர்வுகள், ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட சிவில் சர்வீஸ் தேர்வு ஆகியவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். சிவில் சர்வீஸ் தேர்வுக்கு வயது பொதுப் பிரிவில் 21 முதல் 32 வரை. மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. அந்தத் தேர்வின் பொதுத் தாள்களில் வரலாறும், புவியியலும், அரசியல் சட்டமும், சமூகமும் நிறைய வருகின்றன. விருப்பப் பாடமாக வரலாறு, அரசியல், சமூகவியல், புவியியல், தத்துவம், தமிழ் இலக்கியம் முதலியவற்றில் ஒன்றை எடுக்கலாம். முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழிலேயே எழுதவும் அனுமதி இருக்கிறது. கல்லூரியில் ஊன்றிப் படித்தவர்களுக்கு இந்தத் தேர்வின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, ஆசிரியர் பயிற்சி, நூலகப் படிப்பு, பத்திரிகைத் துறை, சமூகப் பணி என்று வழிகள் பிரிகின்றன. எந்த வழி என்பதை இரண்டாம் ஆண்டிலேயே தீர்மானித்துத் தயாராகிறவர்கள் கரையேறுகிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு யோசிக்கலாம் என்று இருப்பவர்கள்தான் "பி.ஏ. படித்துப் பிரயோஜனம் இல்லை" என்று பிறகு சொல்கிறார்கள்.

போலிகள் ஜாக்கிரதை!

"ஒரே ஆண்டில் பட்டம்", "தேர்வு எழுத வேண்டாம்" என்று சுவரிலும் செல்போனிலும் விளம்பரங்கள் வருகின்றன. மூன்றாண்டுப் பட்டத்தை ஓராண்டில் தருவதற்கு இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு அவ்வப்போது போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் டெல்லி முகவரிகள் பல இருப்பது வெட்கக்கேடு! பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பொய்ப் பட்டத்தைக் காட்டி வேலையில் சேர்ந்தவர்கள் பட்டத்தோடு வேலையையும் இழப்பார்கள், வழக்கும் தொடரலாம்.

இப்போதே செய்ய வேண்டியது

பதினோராம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளில் பாடத் தேர்வை இப்போதே பேசிவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால், சாதிச் சான்றிதழுக்கு ஊருக்கு எழுத வேண்டிய நேரம் இது. கியூட் விண்ணப்பம் ஆண்டின் முதல் மாதங்களிலேயே வந்துவிடுவதால், பள்ளித் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தபால் வழியிலோ வார இறுதி வகுப்பிலோ சேர விரும்புபவர்கள், பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களையும் டெல்லி முகவரிச் சான்றையும் எடுத்து ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம். கட்டணமும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், தரகர்களை நம்பாமல் அந்தந்த அலுவலகத்திலேயே நேரில் கேட்பது நல்லது. மெட்ரோவில் விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கினால் வடக்கு வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. விசாரிக்க ஒரு நாள் லீவு போட்டால் போதும்.